குளிரை எண்ணும் செடி

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் ஒரு ராஸ்பெரிச் செடிக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம், குளிரைத் தவிர. செம்மண் இருக்கிறது, கோமுகி அணைத் தண்ணீர் இருக்கிறது, தொழு உரத்துக்கும் கரும்புச் சோகைக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் காசு கட்டி வெளியூரிலிருந்து வரவழைத்த ஐரோப்பிய ராஸ்பெரிக் கன்று இங்கே சில மாதம் தளதளவென்று வளர்ந்து, பிறகு அப்படியே நின்றுபோகும். இலை விடும், பூ விடாது. சித்திரை வெயிலில் இலையோரம் கருகும். வளர்த்தவர் மண்ணைக் குறை சொல்வார், உரத்தைக் குறை சொல்வார், கடைசியில் தன் கைராசியைக் குறை சொல்வார். மூன்றின் மேலும் குற்றமில்லை. அந்தச் செடி ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. அது இந்த ஊருக்கு வருவதே இல்லை.

ராஸ்பெரியின் வேர் பல ஆண்டு வாழும். தண்டின் ஆயுள் இரண்டே ஆண்டு. முதல் ஆண்டில் தண்டு மண்ணிலிருந்து கிளம்பி உயர்ந்து, இலைக்கணுக்களில் மொட்டு வைக்கும். குளிர்காலம் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். அடுத்த வசந்தத்தில் அந்த மொட்டுகள் விழித்துப் பூத்துக் காய்க்கும். காய்த்த தண்டு செத்துப்போகும். அதற்குள் வேரிலிருந்து புதுத் தண்டுகள் வந்திருக்கும். முதல் ஆண்டிலேயே தண்டின் நுனியில் காய்க்கும் வகைகளும் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெனீவா ஆய்வு நிலையம் 1969இல் வெளியிட்ட ‘ஹெரிடேஜ்’ அவற்றில் பேர்பெற்றது. அந்த வகைகளைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த உறக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

குளிர் நாட்டில் ஒரு மொட்டுக்குப் பெரிய ஆபத்து கடுங்குளிர் என்று நினைப்போம். அதைவிடப் பெரிய ஆபத்து, குளிர்காலத்தின் நடுவே நான்கு நாள் அடிக்கும் இளம் வெயில்தான். வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி மொட்டு விரிந்தால், ஐந்தாம் நாள் உறைபனி அதைக் கொன்றுவிடும். ஆகவே வெதுவெதுப்பை மட்டும் நம்பாத ஒரு ஏற்பாடு அந்தச் செடிகளில் உருவாயிற்று. போதுமான அளவு குளிரைக் கடந்த பிறகுதான் வெப்பம் அவற்றின் மீது வேலை செய்யும். அதற்கு முன் எவ்வளவு வெயில் அடித்தாலும் மொட்டு அசையாது.

இந்தக் கட்டுப்பாடு மொட்டுக்குள்ளேயே நடக்கிறது. செடியின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று நுண்ணிய துளைகளால் இணைந்திருக்கின்றன. சர்க்கரையும், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும் அந்தத் துளைகள் வழியே போய்வருகின்றன. உறக்கம் தொடங்கும்போது, வாய்க்கால் மடையை மண் வைத்து அடைப்பதுபோல, கேலோஸ் என்ற மாவுப்பொருள் வகைப் பசை அந்தத் துளைகளை அடைத்துவிடுகிறது. மொட்டின் உள்ளே இருக்கும் வளர்முனை தனித்துப் போகிறது. நீண்ட குளிரில் அந்தப் பசையைக் கரைக்கும் நொதிகள் மெல்ல மெல்லச் சேர்கின்றன, அடைப்பு உடைகிறது, செய்தி மீண்டும் ஓடத் தொடங்குகிறது. பாப்ளர் மரங்களில் விரிவாக ஆராயப்பட்ட செயல்முறை இது. இதனோடு சேர்ந்து அப்சிசிக் அமிலம் என்ற, வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோன் குறைவதும், ஜிப்பரெல்லின் கூடுவதும், உறக்கத்தைக் காவல் காக்கும் சில மரபணுக்கள் அடங்குவதும் நடக்கின்றன. பீச் மரத்தில் இந்த மரபணுக்கள் தொலைந்த ஒரு வகை உண்டு. அதற்கு உறங்கவே தெரியாது. குளிரிலும் நுனி வளர்ந்துகொண்டே போகும்.

எவ்வளவு குளிர் போதும் என்பதை எண்ணிப் பார்க்க முயன்றவர்களில் முக்கியமானவர் வெயின்பெர்கர். அவர் 1950இல், அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பீச் மரங்களுக்காக, 7.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் மணிநேரங்களைக் கூட்டிக் கணக்கிட்டார். ‘குளிர்மணி’ என்று இதைச் சொல்லலாம். 1974இல் யூட்டா ஆய்வாளர்கள் இன்னொரு உண்மையைக் கணக்கில் சேர்த்தார்கள்: பகல் வெப்பம் கூடினால், முன்பு சேர்ந்த குளிர் கழிந்துபோகிறது. 1987இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் கட்டிய மாதிரி இன்னும் நுட்பமானது. குளிரில் மொட்டுக்குள் ஏதோ ஒரு பொருள் தற்காலிகமாகச் சேர்கிறது. வெப்பம் அதை அழிக்கிறது. ஆனால் குறிப்பிட்ட அளவை எட்டிவிட்டால் அது நிலையான கணக்கில் ஏறிவிடுகிறது, பிறகு எந்த வெயிலாலும் அதை அழிக்க முடியாது. பாலைவன ஓரத்தில் பழமரம் வளர்க்க வேண்டிய நாட்டில் இந்தக் கணக்கு பிறந்ததில் வியப்பில்லை.

ஐரோப்பிய ராஸ்பெரி வகைகளுக்கு 800 முதல் 1,600 குளிர்மணி வரை வேண்டும். 800 மணி என்றால் இடைவிடாமல் 33 நாள், இரவும் பகலும் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பதற்குச் சமம். வடக்கனந்தலில் மார்கழி, தை மாதத்து விடியற்காலை 18, 19 டிகிரி அளவில் இருக்கும். போர்வை தேடும் அந்தக் குளிர் ராஸ்பெரியின் கணக்கில் பூஜ்யம். யூட்டா முறைப்படி பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்: 16 டிகிரியைத் தாண்டிய ஒவ்வொரு மணியும் கழித்தல் கணக்கு. நம் தை மாதம் முழுவதுமே அந்தச் செடிக்குக் கடன் ஏறும் மாதம்.

சரி, மலைமேல் கொண்டுபோனால்? காச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை போகும் சாலையில் ஏறியவர்களுக்குக் காற்று மாறுவது உடம்பில் தெரியும். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். பெரிய கல்வராயனின் சராசரி உயரம் ஏறத்தாழ 4,000 அடி, அதாவது 1,200 மீட்டர். கீழே 18 டிகிரி என்றால் மேலே 11, 12. இனிய குளிர், ஆனால் ஏழு டிகிரி எல்லைக்குள் அது நுழைவது அபூர்வம். உதகமண்டலம் 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால்தான் அங்கே உறைபனி விழுகிறது. குன்னூரிலும் உதகையிலும் தோட்டக்கலைத் துறை நெடுங்காலமாகப் பீச், பிளம், பேரி மரங்களை வளர்க்க முடிந்ததும் அதனால்தான். கல்வராயனுக்கு அந்த உயரம் இல்லை. வெள்ளிமலையில் ஐரோப்பிய ராஸ்பெரி கன்று நட்டுக் காத்திருப்பவருக்கும் கீழே நட்டவருக்கும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஹெரிடேஜ் போன்ற, முதல் ஆண்டுத் தண்டிலேயே காய்க்கும் வகைகள் குளிர்மணியை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆகவே ‘வெப்ப நாட்டுக்கு ஏற்றது’ என்று அவற்றை விற்பார்கள். அங்கே இரண்டாவது தடை வருகிறது. ராஸ்பெரி இலையின் ஒளிச்சேர்க்கை 20 டிகிரியை ஒட்டிச் சிறப்பாக நடக்கும். 30ஐத் தாண்டினால் சரியும். கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி, வெப்பம் ஏற ஏற ஆக்சிஜனைத் தவறுதலாகப் பிடிக்கிறது. சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கு அந்தத் தவறைச் சரிசெய்யவே செலவாகிறது. பக்கத்து வயலில் நிற்கும் கரும்புக்கு இந்தத் தொல்லை இல்லை. அது கரியமில வாயுவை முதலில் வேறொரு வழியில் பிடித்து, அடர்த்தியாக்கி, பிறகே அந்த நொதியிடம் ஒப்படைக்கிறது. 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் இந்த வழியை விளக்கியதும் கரும்பிலையை வைத்துத்தான். காச்சிராயபாளையத்துச் சர்க்கரை ஆலைக்கு வண்டி வண்டியாகக் கரும்பு போகும் அதே வெயிலில் ராஸ்பெரி பட்டினி கிடப்பதற்கு இது ஒரு காரணம். வெயில் நேரே படும் பழத்தின் சிறு சதைமணிகளில் சில வெளுத்துப்போவதும் உண்டு.

இத்தனையும் ஐரோப்பிய ராஸ்பெரிக்குத்தான். அந்தக் குடும்பம் பெரியது. நம் மலைகளிலும் அதற்குச் சொந்தம் உண்டு. நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் மஞ்சள் ராஸ்பெரி முட்புதராக வளர்கிறது. இமயமலையில் குமாவோன் மக்கள் ஹிசாலு என்று பறித்துத் தின்பது அதைத்தான். வடக்கனந்தல் வீட்டுக்காரர் மனத்தில் வைக்க வேண்டியது அதன் உறவான இன்னொன்று. தோட்டக்காரர்கள் மைசூர் ராஸ்பெரி என்று அழைக்கும் அதன் தாவரவியல் பெயர் ரூபஸ் நீவியஸ். இமயமலை முதல் தென்னிந்திய மலைகள் வரை இயல்பாக வளரும் செடி. தண்டின் மேல் திருநீறு பூசியதுபோல் வெள்ளைப் படலம், வளைந்த முட்கள், இலையின் அடிப்புறம் வெள்ளை வெல்வெட். பூ இளஞ்சிவப்பு. பழம் முதலில் சிவந்து, பிறகு கருநீலமாகக் கனியும். மேலே மெல்லிய பூனைமயிர் இருக்கும். இந்தச் செடி குளிரை எண்ணுவதில்லை. கடல் மட்டத்தை ஒட்டிய தெற்கு ஃபுளோரிடாவில், ஐரோப்பிய ராஸ்பெரி கைவிட்ட இடத்தில், வீட்டுத் தோட்டக்காரர்கள் பல பத்தாண்டுகளாக வளர்ப்பது இதைத்தான். நம் நாட்டுச் செடி அமெரிக்காவின் வெப்பப் பகுதிக்குக் கைகொடுத்திருக்கும்போது, நாம் ஐரோப்பியக் கன்றுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பழத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் ஒரு தாவரவியல் பாடம். ராஸ்பெரி ஒரே பூவிலிருந்து வருகிறது, ஆனால் அந்தப் பூவுக்குள் பல பத்துச் சூலகங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி மாங்கனி: தோல், சதை, நடுவே ஒரு கொட்டை. இந்த மணிகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அவற்றின் மேலுள்ள, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் நுண்ணிய மயிர்கள்தான். பழத்தைப் பறிக்கும்போது நடுக்காம்பு செடியிலேயே நின்றுவிட, கையில் உள்ளீடற்ற கிண்ணம்போல் பழம் வரும். பிளாக்பெரியில் அந்தக் காம்பு பழத்தோடு வந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய இதுவே போதும்.

பார்வைக்கு ராஸ்பெரிக்கு மிக நெருக்கமாகத் தெரிவது முசுக்கொட்டைப் பழம். உறவு முறையில் இரண்டும் வெகு தூரம். முசுக்கொட்டையின் ஒவ்வொரு மணியும் ஒரு தனிப் பூ. பல பூக்கள் கூடி ஒரு பழமாகத் தெரிகின்றன. நம் பலாப்பழமும் அப்படியே உருவாகிறது, இரண்டும் ஒரே குடும்பம். ராஸ்பெரியின் அமைப்புக்கு நம் ஊரில் இணை தேடினால் சீத்தாப்பழம்தான் கிடைக்கும்: ஒரே பூ, பல சூலகம், ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு சூலகத்தின் வளர்ச்சி. மகரந்தம் சரியாகச் சேராத சீத்தா கோணலாகப் போவதைப் பார்த்திருப்போம். ராஸ்பெரியிலும் அதே கதை. எந்தச் சூலகத்துக்கு மகரந்தம் சேரவில்லையோ அந்த மணி திரளாது. பின்னிக்கொள்ள அண்டை மணி இல்லாமல் பழம் பறிக்கும்போதே உதிரும். ஆகவே தோட்டத்தில் கொசுத்தேனீயோ அடுக்குத் தேனீயோ இருப்பது உரத்தைவிட முக்கியம். பூக்கும் நாட்களில் பூச்சிமருந்து தெளிப்பவருக்கு முழுப் பழம் கிடைக்காது. பக்கத்தில் துளசி, தும்பை பூத்திருந்தால் தேனீ தானாக வரும்.

கன்று வாங்கும்போது இலையைப் பாருங்கள். ராஸ்பெரி வகைகளில் ஒரு காம்பில் மூன்று, ஐந்து, ஏழு என்று சிற்றிலைகள் இருக்கும், தண்டில் முள் இருக்கும். தனி இலையும் முள்ளற்ற தண்டுமாக ஒரு கன்றை ராஸ்பெரி என்று கொடுத்தால் வாங்க வேண்டாம். அது பெரும்பாலும் முசுக்கொட்டையாக இருக்கும். காப்புக்காட்டில் நுழைந்து செடி பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பையில் தண்டைச் சுற்றி எடுத்துவருவதும் அப்படியே. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அதைத் தடுக்கிறது. ஒரு துண்டுத் தண்டோடு நச்சுயிரும் பூஞ்சையும் சேர்ந்து வரும் என்பதே காரணம். ஏற்கெனவே வளர்ப்பவரிடம் பதியன் கேட்டு வாங்குவதுதான் நல்ல வழி.

நட வேண்டிய இடம் வீட்டின் கிழக்குப் பக்கம். காலை வெயில் படவேண்டும். பிற்பகல் வெயிலைச் சுவரோ முருங்கையோ மறைக்கவேண்டும். ராஸ்பெரி வேருக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள் நீர் நின்றாலே வேரழுகல் பூஞ்சை உள்ளே நுழைந்துவிடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே உயரும் மேட்டுப்பாத்தி போட்டு, செம்மண்ணோடு மட்கிய தொழு உரமும் இலைமட்கும் கலந்து நடுவது பாதுகாப்பு. சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணில்தான் இந்தச் செடிக்கு இரும்புச்சத்து எட்டும். போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால் இளந்தளிர் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அப்போது உரத்தைக் கூட்டுவதில் பயனில்லை. மழைநீரைச் சேர்த்து ஊற்றுவதும் இலைமட்கு கூடுதலாகப் போடுவதும்தான் மருந்து.

மூடாக்குக்குக் கரும்புச் சோகையைவிட நல்லது இந்த வட்டாரத்தில் இல்லை. வயலில் கொளுத்தப்படும் சோகையில் நான்கு கட்டு கொண்டுவந்து அரையடி கனத்துக்குப் பரப்பினால் வேர்ப்பகுதி மண்ணின் வெப்பம் கணிசமாகக் குறையும், ஈரம் நிற்கும், களை அடங்கும். வெளியே 38 டிகிரி கொதிக்கும் வைகாசியில் செடி உயிரோடிருப்பதா இல்லையா என்பதை இந்த மூடாக்கே தீர்மானிக்கும். நுண்துளை மண்பானையைச் செடிக்கு ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பிவைத்தால், சொட்டுநீர்க் குழாய் இல்லாதவருக்கும் சீரான ஈரம் கிடைக்கும்.

மைசூர் ராஸ்பெரியின் தண்டு பத்தடியைத் தாண்டி நீண்டு வளைந்து, நுனி மண்ணைத் தொட்டதும் அங்கேயே வேர் பிடிக்கும். ஐரோப்பிய இனம் வேரிலிருந்து கன்று விடும், இது நுனியிலிருந்து. புதுச் செடி வேண்டுமென்றால் ஆடி, ஆவணியில் ஒரு நுனியை மண்தொட்டியில் புதைத்துக் கல் வைத்தால் போதும். மற்ற நுனிகளை மண்ணில் தொடவிடாமல் அவரைப் பந்தல்போல் கம்பி கட்டி ஏற்றிவிட வேண்டும். செடிக்குச் செடி எட்டடி இடைவெளி விடாவிட்டால் ஓராண்டில் முட்காடு ஆகிவிடும்.

காலக் கணக்கை ஃபுளோரிடாவிலிருந்து நேராக எடுத்துப் பொருத்தக் கூடாது. அங்கே மார்ச் முதல் ஜூன் வரை பழம். அந்த மாதங்களின் நடுவே நமக்கு அக்கினி நட்சத்திரம் வந்துவிடும். நாம் செடியைச் சற்று முந்தவைக்க வேண்டும். காய்த்து முடித்த தண்டுகளை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, தென்மேற்குப் பருவத்து மேகமூட்டத்தில் புதுத் தண்டுகளை வளரவிட்டு, அவை இடுப்பளவு வந்ததும் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். வடகிழக்கு மழையில் அவை முற்றும். மழை விட்ட பிறகு தண்ணீரைச் சற்றுக் குறைத்தால் பூ தூண்டப்படும். மாசி, பங்குனியில் பழம் பறித்து, கடுங்கோடைக்குள் வேலையை முடித்துவிடலாம். குளிர் செய்யும் வேலையைக் கவாத்தும் நீர் நிர்வாகமும் செய்கின்றன. ஜாவா தீவின் மலைப்பகுதியில் பாத்து ஊர் விவசாயிகள் ஆப்பிள் மரத்தின் இலைகளைக் கையால் உருவி, மொட்டு ஆழ்ந்து உறங்கும் முன்பே எழுப்பிவிடுகிறார்கள். அதுவும் இதே சிந்தனைதான்.

பறித்த ராஸ்பெரி மேற்கொண்டு பழுக்காது. சுவாச வேகம் மிக அதிகமுள்ள பழங்களில் ஒன்று. தோல் மெலிது, உள்ளே வெற்றிடம். அறை வெப்பத்தில் மறுநாளே நீர்விட்டுச் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு இந்தப் பழம் வராததற்கும், பெருநகரக் கடையில் சின்னப் பெட்டி அவ்வளவு விலை விற்பதற்கும் இதுதான் காரணம். இதைப் புதிதாகச் சாப்பிட வீட்டில் செடி வைப்பதே வழி. சத்துக்காக வைக்க வேண்டியதில்லை. 100 கிராம் சிவப்பு ராஸ்பெரியில் வைட்டமின் சி 26 மில்லிகிராம். நம் கொய்யாவில் 228. நார்ச்சத்து மட்டும் ஆறரை கிராம், அது நல்ல அளவுதான். விடியற்காலையில் பறித்து, கழுவாமல், அந்தக் காலையே குழந்தைகளுக்குக் கொடுங்கள். அந்த மணமும் புளிப்பும்தான் இதன் பயன்.

இனி நான் மிகவும் அக்கறைப்படும் ஒன்று. இதே மைசூர் ராஸ்பெரியை 1968இல் காலபகோஸ் தீவுகளில் ஒன்றான சான் கிறிஸ்டோபலில் பழத்துக்காக நட்டார்கள். இன்று அங்கே அது மிக மோசமான களைகளில் ஒன்று. உலகில் வேறெங்கும் இல்லாத ஸ்கலேசியா மரக்காட்டின் தரையை மூடி, மரக்கன்றுகள் முளைக்க முடியாமல் செய்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் போட்டுவிடுகின்றன. நீலகிரியில் அடக்கமாக இருக்கும் மஞ்சள் ராஸ்பெரி, ஹவாயில் செய்த நாசத்தால் உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்களின் பட்டியலில் ஏறியது. பிறந்த மண்ணில் ஒரு செடியைத் தின்னும் பூச்சியும் அழுகவைக்கும் பூஞ்சையும் பலவுண்டு. வெளியே போனால் அந்தக் கட்டு அறுந்துவிடுகிறது. நமக்கு இது வெறும் கேள்விப்பட்ட கதை அல்ல. 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் பூவழகுக்காக வந்த உண்ணிச்செடி இன்று தமிழ்நாட்டு மலைகளில் எத்தனை சரிவுகளை விழுங்கியிருக்கிறது என்பதை ஆடு மேய்ப்பவரைக் கேட்டால் தெரியும்.

மைசூர் ராஸ்பெரி தென்னிந்திய மலைகளுக்கு அந்நியமானது அல்ல. அதற்காக ஒவ்வொரு மலைச்சரிவிலும் அதைக் கொண்டுபோய் நடலாம் என்று ஆகாது. கல்வராயனின் ஈரமும் மிதவெப்பமும் அதற்கு மிகப் பொருந்தும். பொருந்துவதால்தான் என் தயக்கம். கீழே, வடக்கனந்தலில், கோடை வெயிலே அதற்கு வேலி. நீர் ஊற்றாத இடத்தில் விழுந்த விதை சித்திரையைத் தாண்டாது. மேலே, வெள்ளிமலைப் பக்கம், ஓடைக்கரையில் விழுந்த விதை தாண்டிவிடும்.

ஆகவே அடிவாரத்து ஊர்களில் வளர்ப்பவர்கள் பழம் சிவக்கத் தொடங்கியதும் செடிக்கு வலை போடவேண்டும். கொண்டைக்குருவிகள் மலைக்கும் ஊருக்கும் ஒரே நாளில் போய்வரும். வெட்டிய தண்டுகளை ஓடையோரத்தில் வீசாமல் காயவைத்து எருக்குழியில் போடவேண்டும். ஈரத்தில் கிடக்கும் நுனி மறுபடி வேர் விடும். மலைமேல் வீடு உள்ளவர்கள் ராஸ்பெரியை விட்டுவிட்டு, அங்கே ஏற்கெனவே செழிக்கும் சீத்தாவுக்கும் பலாவுக்கும் அந்த இடத்தைக் கொடுப்பதே நல்லது.